மலையக வீட்டுக்கு நத்தார் அலங்காரம்: முதன்முறையாகச் செய்வோருக்கான வழிகாட்டி

திருமணமாகி இந்த ஆண்டு தனிக்குடித்தனம் வந்தவர்கள், லயத்துக் காம்பராவிலிருந்து (தோட்டத் தொடர்வீட்டு அறையிலிருந்து) 7 பேர்ச் காணியில் கட்டிய தனிவீட்டுக்கு மாறியவர்கள், தொழில் நிமித்தம் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்து குடியேறியவர்கள் ஆகியோரில் பலர் நத்தாருக்கு வீட்டை அலங்கரிப்பது எப்படி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பெரும்பாலான அலங்காரப் பொருட்கள் உலர்ந்த அறைக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நம் மலைகளிலோ டிசம்பர் என்பது வடகீழ்ப் பருவக்காற்று மழை கொண்டுவரும் மாதம். மழை ஓய்ந்த பொழுதுகளிலும் பனிமூட்டம் இறங்கி, சுவரையும் துணியையும் தாளையும் நனைத்துவிட்டுப் போகும். குறிப்பாகப் பதுளை, ராகலை, வலப்பனை ஆகிய கிழக்குச் சரிவுகளில் இருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆகவே ஒரு பொருளை வாங்கும் முன்பும் செய்யும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது மூன்று வாரம் ஈரத்தில் தாக்குப்பிடிக்குமா? இதனால் பக்கத்து வீட்டுக்கு ஆபத்து வருமா? இவ்விரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால், அலங்காரம் எளியதாக இருந்தாலும் அழகாகவே அமையும்.

எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே செய்ய முயல வேண்டாம். வாசலில் ஒரு நட்சத்திரக் கூடு, வீட்டுக்குள் ஒரு பாலன் குடில், இவை இரண்டும் இருந்தால் வீடு நத்தார் வீடாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். மரமும் விளக்கு மாலைகளும் முற்றத்துப் பூக்களும் அவற்றுக்குப் பின்னால் வருபவை. பண்டிகை முற்பணம் கையில் வந்ததும் முதலில் விளக்கு மாலைகளை வாங்கிவிட்டு, குடிலுக்குச் சுருவங்கள் (சிறு சிலைகள்) வாங்கப் பணமில்லாமல் நிற்கும் நிலை ஏற்படாதிருக்க இந்த வரிசையைப் பின்பற்றுவது நல்லது.

எப்போது தொடங்குவது

நத்தாருக்கு முந்திய ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27ஆம் திகதிக்கும் டிசம்பர் 3ஆம் திகதிக்கும் இடையில் வரும். அந்த வாரமே வேலையைத் தொடங்கப் பொருத்தமான காலம். முதல் வாரத்தில் வீட்டைத் துப்புரவு செய்து, கூரையையும் மின்வயர்களையும் பார்த்து, நட்சத்திரத்துக்கான மூங்கிலை வெட்டிப் பிளந்து நிழலில் உலர்த்த வேண்டும். டிசம்பர் 10ஆம் திகதியளவில் குடிலுக்கான முளைப் பயிரை விதைக்க வேண்டும். 15ஆம் திகதிக்குள் நட்சத்திரம் ஏறியிருக்க வேண்டும். 20ஆம் திகதியளவில் குடிலும் மரமும் அமைய வேண்டும். வெட்டிய மரக்கிளையை அதற்கு வெகு முன்னர் கொண்டுவந்தால் நத்தாருக்குள் காய்ந்துவிடும். திருவருகைக் கால வளையம் வைக்க விரும்பும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும் அதை முதல் ஞாயிற்றிலேயே வைக்க வேண்டும்: பசுமையான இலைக்கொத்துகளை வளையமாகக் கட்டி, மூன்று ஊதா நிற மெழுகுதிரிகளையும் மூன்றாம் ஞாயிற்றுக்கான ஓர் இளஞ்சிவப்பு மெழுகுதிரியையும் நிறுத்தி, ஞாயிறுதோறும் ஒன்றாகக் கூட்டி ஏற்றிச் செபிப்பது வழக்கம்.

நட்சத்திரக் கூடு

கடையில் வாங்கும் தாள் நட்சத்திரம் மூடுபனி படிந்த இரண்டாம் நாளே தொய்ந்துவிடும். மூங்கில் சட்டத்தில் நாமே கட்டும் கூடு பல ஆண்டுகள் நிற்கும். ஆண்டுதோறும் மேலே ஒட்டும் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

முற்றிய மூங்கிலை அரை அங்குல அகலத்தில் பிளந்து, இரண்டரை அடி நீளமான, அதாவது 30 அங்குலமான 10 சிம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தால் நட்சத்திரம் ஒரு பக்கமாக இழுக்கும். சிம்புகளின் ஓரங்களைக் கத்தியால் சீவி மழுக்கிவிடுங்கள், ஏனெனில் மூங்கில் சிராய் கையில் ஏறினால் நாட்கணக்கில் நோகும். ஒவ்வொரு சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் பதினொன்றரை அங்குலத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் இடுங்கள். நடுவில் 7 அங்குலம் எஞ்சும். இந்த அளவு மிக முக்கியமானது: 5 சிம்புகளை ஐந்து முனை நட்சத்திரமாக அடுக்கும்போது அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்கள் சரியாக இந்த அடையாளங்களில்தான் விழ வேண்டும். அவ்வாறு விழுந்தால் அளவுகோல் இல்லாமலே ஐந்து கைகளும் ஒரே நீளமாக வந்துவிடும்.

தரையில் 5 சிம்புகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் ஓரிடத்தில் மேலாகவும் அடுத்த இடத்தில் கீழாகவும் செல்லும்படி பின்னி, முதலில் ஐந்து முனைகளையும் பிறகு உள்ளே வெட்டும் ஐந்து இடங்களையும் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். இதே போல இரண்டாவது நட்சத்திரத்தையும் கட்டுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முனையோடு முனை சேர்த்துக் கட்டிய பின், உள்ளே உள்ள ஐந்து சந்திப்புகளிலும் 6 அங்குலத் துண்டுகளைக் குறுக்காக நிறுத்தி இரு நட்சத்திரங்களையும் விலக்குங்கள். சிம்புகள் வளைந்து இறுகி, கூடு தடிப்பு பெற்று நிமிரும். கடைசித் துண்டை நுழைக்கும்போது சற்றுப் பலம் தேவைப்படும். இன்னொருவர் கூட்டைப் பிடித்துக்கொண்டால் வேலை இலகுவாகும்.

மேலே ஒட்டுவதற்கு டிசுத் தாளை விட நிறச் செலபன் தாளே நம் காலநிலைக்கு ஏற்றது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 10 பெரிய முக்கோணங்களும், கைகளின் பக்கவாட்டில் 10 ஒடுங்கிய முக்கோணங்களும், நடுவில் 2 ஐங்கோணங்களும் கூட்டில் இருக்கும். கோதுமை மாப் பசை ஈரத்தில் விட்டுவிடும், பூச்சியும் அரிக்கும். ஆதலால் விளிம்புகளைச் சிம்பின் மேல் மடித்து ஒளிபுகும் ஒட்டு நாடாவால் ஒட்டுவது நல்லது. பின்பக்க ஐங்கோணத்தை ஒட்டாமல் விட்டால் பல்பை உள்ளே இறக்க வழி கிடைக்கும். அடியில் வரும் இரு ஒடுங்கிய முக்கோணங்களையும் திறந்தே விடுங்கள். உள்ளே புகுந்த மழைநீர் அவ்வழியாக வடிந்துவிடும். வடிய வழியில்லாத கூட்டில் தண்ணீர் தேங்கிப் பல்பு ஹோல்டருக்குள் ஏறும் ஆபத்து உண்டு.

உள்ளே 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். மெழுகுதிரியையோ பழைய சூடேறும் குண்டு பல்பையோ செலபன் கூட்டுக்குள் வைக்கக் கூடாது. கூட்டை இஸ்தோப்புக் (முன் விறாந்தை) கூரையின் விளிம்புக்கு உள்ளே தொங்கவிட முடிந்தால் அதுவே மிகச் சிறந்த இடம். மலை தாண்டித் தெரியும்படி உயரக் கம்பத்தில் ஏற்ற விரும்புகிறவர்கள், கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்சாரக் கம்பிகளில் படாத தொலைவில் அதை நாட்ட வேண்டும். இரும்புக் குழாய் வேண்டாம். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும் என்பதை மறக்க வேண்டாம். காற்று பலமான மேட்டில் மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினாலன்றிக் கம்பம் நிற்காது.

மின்விளக்குகள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் லயங்களில் ஏற்படும் தீ விபத்துகளின் செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரே கூரையின் கீழ், ஒரே உத்தரத்தில் தொடர்ந்து செல்லும் காம்பராக்களில் ஒன்றில் பற்றிய தீ மற்ற எல்லாவற்றுக்கும் போய்விடும். ஒரு வீட்டின் அலங்காரத்தால் பல குடும்பங்களின் உடைமைகள் ஆபத்துக்குள்ளாகிவிடுகின்றன.

முதலில் உங்கள் வீட்டு மின்பலகையில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால், அல்லது டிரிப் சுவிட்சே இல்லாவிட்டால், வெளியே எந்த விளக்கையும் தொங்கவிடாதீர்கள். தகுதியுள்ள மின்தொழிலாளர் ஒருவரை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கசிவு மின்சாரம் 30 மில்லி அம்பியரை எட்டும் முன்பே துண்டிக்கும் வகையே மனித உயிரைக் காப்பதற்கென வீடுகளில் பொருத்தப்படுவது.

விளக்கு மாலை வாங்கும்போது எல்.இ.டி. வகையையே வாங்குங்கள். 10 வாட் மாலைகள் இரண்டை நாளுக்கு 5 மணித்தியாலம் வீதம் 25 நாட்கள் எரித்தாலும் மொத்தம் இரண்டரை அலகு மின்சாரமே செலவாகும். ஆகவே சிக்கனத்துக்காக மலிவான பழைய சூட்டு மாலைகளைத் தேட வேண்டிய தேவையே இல்லை. வெளியில் தொங்கவிடும் மாலையின் பெட்டியில் ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்க வேண்டும். தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான குறியீடு அது. அந்த எண் இல்லாத மாலையை வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.

தகரக் கூரை உள்ள வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காற்றில் அசையும் வயர் தகரத்தின் கூரிய விளிம்பில் உராய்ந்து உராய்ந்து மேலுறை வெட்டுப்பட்டால், மின்சாரம் தகரத்துக்குள் பாயும். லயத்தின் தகரம் முழுவதும் ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால், பத்து வாசல் தள்ளி ஈரத் துணி காயப் போடுகிறவருக்கும் அது ஆபத்தாகலாம். ஆகவே தகரத்தைத் தொட்டு வயரைக் கொண்டுசெல்ல வேண்டாம். விளிம்பைத் தாண்டியே ஆக வேண்டுமானால், பழைய தண்ணீர் ஹோஸ் குழாயின் துண்டொன்றை நீளவாக்கில் கீறி விளிம்பின்மேல் செருகி, அதன்மேல் வயரைப் படிய விட்டுக் கட்டுங்கள். ஆணியால் வயரை அறைவது, கட்டுக் கம்பியால் வயரை இறுக்குவது ஆகிய இரண்டும் கூடாது. பிளாஸ்டிக் பட்டியோ சணல் கயிறோ போதும்.

பிளக்கும் சொக்கட்டும் இணையும் இடம் எப்போதும் கூரைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வயர் சொக்கட்டுக்கு நேராக வராமல், அதைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேறும்படி விடுங்கள். வயர் வழியே ஓடிவரும் மழைத்துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பொலித்தீன் பையால் இணைப்பைச் சுற்றிக் கட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அது நீரைத் தடுப்பதை விட, உள்ளே படியும் பனியீரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதே அதிகம் என்பதால் அதைக் கைவிடுவதே நல்லது. ஒரே சொக்கட்டில் மல்டி பிளக்கும் அதன்மேல் இன்னொரு மல்டி பிளக்கும் செருகி, அதிலேயே கேத்தலையும் அயனையும் போடுவது எந்நாளும் வேண்டாத பழக்கம். பண்டிகை நாளில் இன்னும் ஆபத்தானது. இரவு படுக்கப் போகும் முன் எல்லா விளக்கு மாலைகளையும் சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு வீட்டைப் பூட்டிப் போகும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.

பாலன் குடில்

இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து இயேசு பிறப்பின் காட்சியை மக்களுக்குக் காட்டினார். குடில் வைக்கும் வழக்கம் அதிலிருந்தே பரவியது. மலையில் வாழும் நமக்கு அந்தக் காட்சியை அமைக்கத் தேவையான எல்லாமே வாசலிலேயே கிடைக்கின்றன.

குடிலுக்கான இடம் அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, குழந்தைகளின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மேசையையோ பலகையையோ போட்டு, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்துவிடுங்கள். பாசியின் ஈரம் பலகைக்குள் இறங்காது. கொட்டகையை மரச்சட்டங்களாலோ, பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தால் அதன் பலகையாலோ செய்துகொள்ளலாம். கூரைக்கு மானாப்புல்லை வெட்டி இரண்டு நாள் உலர்த்தி, சிறு சிறு பிடிகளாகக் கட்டி, அடியிலிருந்து மேலாக ஒன்றை ஒன்று மூடும்படி வேயுங்கள். மானாப்புல் காய்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். குடிலுக்குள் வைக்கும் சிறு பல்பு புல்லைத் தொடாமல் பலகையோடு ஒட்டி இருக்க வேண்டும். முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கும் குடும்பங்கள் திரியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில், குடிலிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும்.

பின்னால் தெரியும் மலைகளுக்குச் சீமெந்துப் பையின் தாளே மிகச் சிறந்தது. தூசியை நன்றாகத் தட்டிவிட்டு, தாளைக் கையால் கசக்கி மீண்டும் விரித்து, மறுபடியும் கசக்குங்கள். பாறையின் மடிப்புகள் அப்போதுதான் வரும். தேயிலைத் தூளை அதிகமாகப் போட்டுக் கொதிக்க வைத்து இறக்கிய கடுஞ் சாயத்தில் சிறிது மாப் பசையைக் கலந்து, தூரிகையால் மடிப்புகளுக்குள் அதிகமாகவும் மேடுகளில் குறைவாகவும் பூசுங்கள். பிறகு போத்தல்கள், கற்கள், கவிழ்த்த பேணிகள் ஆகியவற்றின் மேல் அதைப் போர்த்தி, விரும்பிய வடிவத்தில் அழுத்தி, அடுப்பின் வெக்கை எட்டும் அறையில் இரண்டு நாள் விட்டால் அப்படியே இறுகிவிடும். சாயம் காய்ந்ததும் ஓரிடத்தில் கருமை, ஓரிடத்தில் செம்மை, மேட்டில் வெளிறல் என்று உண்மையான பாறை போலத் தோன்றும். கடையில் வாங்கும் எந்த வர்ணத்தாலும் இந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது என்பேன்.

பாசியைச் சொந்த வீட்டுக் கான் கட்டிலிருந்தும் ஈரச் சுவரிலிருந்தும் மட்டும் எடுங்கள். காட்டுக்குள் சென்று மரத்துப் பாசியை உரிப்பது காட்டைக் கெடுக்கும்; ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலிருந்து ஒரு செடியை எடுப்பதும் சட்டப்படி குற்றம். கரண்டியால் மண்ணோடு தட்டையாகப் பெயர்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தெளித்தால் பாசி ஜனவரி வரை பச்சையாகவே இருக்கும்.

வயல்போலத் தெரிய வைக்கும் முளைப் பயிருக்கு வெறும் டின் மீன் பேணிகள் போதும். அடியில் ஆணியால் நாலைந்து துளையிட்டு, மண் நிரப்பி, முந்தின இரவே ஊறவைத்த பச்சைப்பயறையோ கடுகையோ நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போட்டு ஈரத் துணியால் மூடுங்கள். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பதுளையில் ஒரு வாரத்தில் எழும் பயிர், நுவரெலியாவின் குளிரில் மேலும் சில நாட்கள் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பவர்கள் டிசம்பர் 10ஆம் திகதியைத் தவற விடாதீர்கள்.

சுருவங்களை வைக்கும் முறையும் உண்டு. மரியாள், சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள் ஆகியோர் முதலிலேயே இடம் பெறுவர். தீவனத்தொட்டி 24ஆம் திகதி இரவு வரை வெறுமையாக இருக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, குடும்பத்தில் மிகச் சிறிய பிள்ளையின் கையால் பாலன் சுருவத்தை அதில் வைப்பது பல வீடுகளின் வழக்கம். பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அதற்காகக் காத்திருப்பார்கள். மூன்று அரசர்களைத் தொலைவிலுள்ள மலையில் நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தி, ஜனவரி 6ஆம் திகதி திருக்காட்சித் திருநாளில் குடிலைச் சேரச் செய்யலாம். சுருவம் வைக்காத திருச்சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் தீவனத்தொட்டியும் நட்சத்திரமும் ஒரு வேத வசனப் பலகையுமாக அமைத்தாலும் குடில் நிறைவாகவே இருக்கும்.

மரம்

மலையகத்தில் நத்தார் மரம் என்றால் சைப்ரஸ் கிளையே நினைவுக்கு வரும். ஆனால் தோட்டத்து மரங்கள் தோட்ட நிர்வாகத்துக்கும், காட்டு மரங்கள் அரசுக்கும் உரியவை. கேட்காமல் வெட்டுவது குற்றம் என்பதோடு, நட்சத்திரமும் குடிலும் வைத்துக் கொண்டாடும் வீட்டுக்கு அது பொருந்தாத செயல். ஆலய வளவிலும் பங்களாத் தோட்டத்திலும் சைப்ரஸ் வேலியைக் கத்தரிக்கும் காலத்தை விசாரித்து, கழித்துப் போடும் கிளைகளை அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். வளரும் மரத்தின் நுனியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம். அந்த மரம் பிறகு நேராக வளராது.

கிளையின் அடியைச் சரிவாக வெட்டி, வாளியில் பெரிய கற்களை நெருக்கி நிறுத்தி, இடைவெளியை மணலால் நிரப்பி, மணல் எப்போதும் ஈரமாக இருக்கும்படி தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு இலை பசுமையாக இருக்கும். தடவிப் பார்க்கும்போது இலை மொறுமொறுவென்று உதிரத் தொடங்கினால், நத்தார் முடியாவிட்டாலும் மின்விளக்குகளை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த சைப்ரஸ் மிக வேகமாக எரியும்.

சைப்ரஸ் கிடைக்காதவர்களுக்கு நான் பெரிதும் விரும்பிச் சொல்லும் மாற்று தேயிலை மிலாறு, அதாவது செடியைக் கத்தரிக்கும்போது விழும் கிளை. உயர்நிலத் தோட்டங்களில் ஒரு மலையை நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவதால், எங்கேனும் ஒரு மலையில் வெட்டிய கிளைகள் கிடக்கும். கிளைத்துப் படர்ந்த மிலாறுகளில் நல்லவற்றைத் தெரிந்து, இலையையும் பாசியையும் உரசி எடுத்து, சுண்ணாம்பு பூசி, ஒரு சாடியில் கற்களிட்டு நிறுத்தினால், பற்பல ஆண்டுகள் வைத்திருக்கக்கூடிய வெண்மரம் கிடைக்கும். நம் முன்னோர் உழைத்த செடியே நம் வீட்டில் பாலனின் பிறப்புக்காக அலங்கரிக்கப்பட்டு நிற்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

மரத்தில் தொங்கவிடப் பால்மாப் பக்கற்றுகளின் வெள்ளி உட்புறத்தைக் கழுவித் துடைத்து நட்சத்திரங்களாக வெட்டலாம். பைனஸ் காய்களைத் தரையில் விழுந்தவையாகப் பொறுக்குங்கள். ஈரத்தில் அவை மூடிக்கொள்ளும். அடுப்புக்கு அருகே ஓரிரு நாள் வைத்தால் செதில்கள் விரிந்து பூப்போல மலரும். அதன் பிறகே வர்ணம் தீட்ட வேண்டும். வெண்பனிக்காகப் பஞ்சை மரத்தில் அப்புவதையும், ரெஜிபோமை உதிர்த்துத் தூவுவதையும் தவிருங்கள். பஞ்சு தீயை இழுக்கும். ரெஜிபோம் துகள்கள் கானில் இறங்கி, ஓடையிலும் தேயிலைச் செடியின் அடியிலும் பல்லாண்டு கிடக்கும்.

முற்றமும் வாசலும்

முற்றத்தை அலங்கரிக்கப் புறப்பட்டு மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்த வேண்டாம் என்பதே முதல் அறிவுரை. மழைக்காலத்தில் மேட்டின் அடியை வெட்டுவது மண்சரிவை வரவழைக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால் அலங்கார வேலையை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பைப் பாருங்கள். கானை இலைகுப்பை இல்லாமல் துப்புரவாக்குவது, பாதையோரக் கற்களுக்குச் சிறிது உப்புக் கலந்த சுண்ணாம்பு பூசுவது, படிக்கட்டின் பாசியைச் சுரண்டி வழுக்காமல் செய்வது ஆகிய மூன்றும் செய்தாலே முற்றம் புதிதாகத் தெரியும். சுண்ணாம்பு அடிக்க இரண்டு வெயில் நாள் வேண்டும் என்பதால், டிசம்பர் முதல் வாரத்தில் வானம் வெளுத்த எந்த நாளையும் விட்டுவிடாதீர்கள்.

பொயின்செட்டியாச் செடிக்கு மட்டும் சில குறிப்புகள் தேவை. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இரவு நீளும் காலத்தில்தான் நுனியிலைகளைச் சிவப்பாக்கும். நமக்கு அது சரியாக நத்தார்க் காலத்தில் வாய்க்கிறது. இருள் தடையின்றி நீண்டிருந்தால்தான் இலை சிவக்கும் என்பதால், வீதி விளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் விழும் இடத்தில் நட்ட செடி பச்சையாகவே நிற்கும். இதே காரணத்துக்காக, இலை முழுவதும் சிவக்கும் முன்பு அதில் விளக்கு மாலை சுற்றவும் கூடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் இது தாராளமாக வளரும். நுவரெலியா, கந்தப்பளை போன்ற கடுங்குளிர் இடங்களில் சுவரோடு ஒட்டி, காற்றும் விடியற்பனியும் நேரே தாக்காத மூலையில் வைக்க வேண்டும். கிளையை வெட்டி வீட்டுக்குள் வைப்பதானால், பால் வடியும் வெட்டுவாயைச் சில நொடிகள் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்தால் பூங்கொத்து வாடாமல் நிற்கும். அந்தப் பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும்; பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

வாசல் பொதுவாக உள்ள லயங்களில் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியில் மார்கழி பிறந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார், திருவெம்பாவைக்காகக் கோயிலுக்குப் போவார்கள். ஆகவே கம்பம் நாட்டும் இடத்தையும் கயிறு இழுக்கும் பக்கத்தையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுச் செய்யுங்கள். விளக்கு அவர்கள் சன்னலுக்கு நேராக மின்னாதபடி திருப்பி வையுங்கள். கோலத்துக்கு இடம் விட்டு நட்சத்திரம் ஏறிய வாசலை அந்த லயமே தன் வாசலாகப் பார்க்கும். கம்பம் நாட்டும் வேளையில் கயிறு பிடிக்க வருகிறவர்களும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளே.

கழற்றி எடுத்து வைத்தல்

திருக்காட்சித் திருநாளுக்குப் பின்னர் அலங்காரங்களை இறக்கிவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும். விளக்கு மாலையை உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் அட்டைத் துண்டில் சிக்கில்லாமல் சுற்றி, ஒருநாள் அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில் காய விட்டுப் பிஸ்கட் தகரப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் பிளக்கின் முள் துருப்பிடித்துவிடும். நட்சத்திரக் கூட்டின் செலபனைக் கிழித்து எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகை படும் இடமாக இருந்தால் மூங்கிலைப் பூச்சி அரிக்காது. சுருவங்களைத் தனித்தனியே பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பொலித்தீனில் சுற்றினால் வர்ணம் வியர்த்து உரியும். பாசியை எடுத்த இடத்திலேயே பதித்துத் தண்ணீர் ஊற்றினால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். முளைப் பயிர் மாட்டுக்கோ மரக்கறிப் பாத்திக்கோ போகட்டும். காய்ந்த சைப்ரஸ் கிளையை முழுதாக அடுப்பில் திணிக்காமல், வெளியில் சிறு துண்டுகளாக வெட்டி உரக்குழியில் இடுங்கள்.

பொயின்செட்டியாவைச் சிவப்பு உதிர்ந்த பின்னர், ஏப்ரல் அளவில் பாதி உயரத்துக்கு வெட்டி, வெட்டிய தண்டுகளை ஒருநாள் நிழலில் போட்டுப் பால் காய்ந்ததும் மண்ணில் ஊன்றுங்கள். அதன் பின் கிளை பெருகுவதற்காக நுனி கிள்ளலாம். ஆனால் ஓகஸ்ட் முடிவுக்குப் பிறகு கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் டிசம்பரில் சிவக்க வேண்டிய நுனிகள் இல்லாமற்போகும்.